நாலு வீலில் ஒன்று

"அப்படியானால் என்னிடம் இருப்பது நாலு வீலா, மூணு வீலா?" என்று கேட்டார் காரின் சொந்தக்காரர். "ஓட்ட மூணு, விற்க நாலு" என்றேன். அந்தப் பதிலில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் அதன் பின்பாதியைச் சொல்லியிருக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவு பிறக்கவில்லை.

கார், 1970ஆம் வருட மாடல் போர்ஷே 911 எஸ், ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். அந்தக் காருக்கே உரிய ஃபுக்ஸ் என்ற அலுமினிய வீல்கள், 15 அங்குல விட்டம், 6 அங்குல அகலம், நடுப்பகுதி நன்றாக உள்வாங்கிய ரகம். தொழிலில் எல்லோரும் 'டீப் சிக்ஸ்' என்பார்கள். பின்பக்கத்து முத்திரைகளைப் பார்த்தால் நான்கின் தேதிகளும் அடுத்தடுத்து, கார் தயாரானதற்குச் சில மாதங்கள் முந்தி. இப்படிப் பொருந்திய செட் லேசில் கிடைக்காது. மூன்றில் தொழிற்சாலை அனோடைசிங், அதாவது அலுமினியத்தின் மேல் மின்சாரம் செலுத்தி வளர்க்கும் காப்புப் படலம், அப்படியே இருந்தது, மங்கலான அந்தப் பட்டுப் பளபளப்போடு. நான்காவதில் மட்டும் வெள்ளிப் பெயின்ட். நான்கையும் ஒரே மாதிரி ஆக்கிக் கொடுங்கள் என்பதுதான், பழைய வீல்களைச் சீர்செய்யும் எங்கள் பட்டறைக்கு அவர் கொண்டுவந்த வேலை.

ஃபுக்ஸ் வீலில் ஒன்றுக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தால் முதலில் காரணத்தைத் தேட வேண்டும். சும்மா ஒருவரும் அடிப்பதில்லை. தேடும் முறையும் முக்கியம். பலர் நேராக மணல் அடித்தோ கண்ணாடித் தூள் அடித்தோ பெயின்ட்டை எடுத்துவிடுகிறார்கள். அந்தத் துகள்கள் மென்மையான அலுமினியத்தின் மேல்தோலைத் தட்டி, மயிரிழை விரிசலின் வாயை மூடிவிடும். அதற்குப்பின் எந்தச் சோதனையிலும் விரிசல் தெரியாது. எனவே ரசாயன ஸ்ட்ரிப்பர் போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதுவும் காரத்தன்மை இல்லாததாக. காரம் அனோடைசிங் படலத்தையே தின்றுவிடும். அடியில் அசல் படலம் எங்காவது மிச்சமிருந்தால் அதுவும் போச்சு.

பெயின்ட் போனபிறகு சாயச் சோதனை. துடைத்துக் காய்ந்த வீலில் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். பிறகு கரைப்பான் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கரைப்பானை நேரடியாக வீல்மேல் ஊற்றினால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும். அதன்மேல், விரிசலில் தங்கிய சாயத்தை உறிஞ்சிக் காட்டும் வெள்ளை டெவலப்பரை மெல்லிசாகத் தெளித்து, பத்து நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: இதழ் போன்ற ஆரங்களின் அடி, வீலைக் காரில் மாட்டும் ஸ்டட் துளைகளைச் சுற்றி, பின்பக்க ரிம் விளிம்பு. இந்த வீலில் சிவப்புக் கோடு எங்கும் வரவில்லை. ஆனால் பின் விளிம்பில், டயர் உட்காரும் இடத்தையும் சேர்த்து, உள்ளங்கை அகலத்துக்கு மேற்பரப்பின் சாயல் வேறாக இருந்தது. ராவி மட்டம் செய்த வெல்டிங். என்றோ எதிலோ மோதி விளிம்பு பிளந்திருக்கிறது, யாரோ நிரப்பியிருக்கிறார்கள். செய்தவர் கைகாரர். டயல் கேஜ் என்ற அளவுமானியை வைத்துச் சுற்றிப் பார்த்தபோதும் ஆட்டம் ஒரு மில்லிமீட்டருக்குள்தான்.

நேராக ஓடுகிறது, விரிசல் இல்லை, பிறகென்ன என்று தோன்றும். ஃபுக்ஸின் பலம் அது செய்யப்பட்ட விதத்தில் இருக்கிறது. ஜெர்மனியில் மைனர்ட்ஸ்ஹாகனில் உள்ள ஓட்டோ ஃபுக்ஸ் ஆலையில் அலுமினியக் கலவையைப் பெரிய அழுத்தத்தில் அடித்து உருக்கொடுத்து, ரிம்மை உருட்டி விரித்து, வெப்பப் பதம் கொடுத்து எடுத்தார்கள். வார்ப்பு வீலைவிட லேசு, உறுதியும் கூட. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் இறங்கிவிடுகிறது. முழு வீலையும் மறுபடி உலையில் ஏற்றிப் பதம் கொடுக்காமல் அது திரும்பாது, ஏற்றினால் வடிவம் கோணும். சாயம் விரிசலைக் காட்டும், இறங்கிய பதத்தைக் காட்டாது. ஜெர்மனியில் அலாய் வீலை வெல்டிங் செய்வதையும் சூடேற்றி நேராக்குவதையும் சாலைப் பயன்பாட்டுக்கு ஏற்பதில்லை, அதற்கும் இதுதான் காரணம்.

ஆகவே "ஓட்ட மூணு" என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றதுதான் உறுத்துகிறது.

அசல் வீலுக்கு விலை நிற்குமா என்று கேட்பவர்களிடம், எந்த வீல் என்றுதான் திருப்பிக் கேட்பேன். 1967 மாடல் 911 எஸ் காரோடு நாலரை அங்குல அகலத்தில் அறிமுகமானது ஃபுக்ஸ். பிறகு ஐந்தரை, 1969இல் ஆறு, 1973 கரேரா ஆர்எஸ் 2.7 காரின் பின்பக்கம் ஏழு என்று அகலம் கூடிக்கொண்டே போனது. குறைந்த காலம் செய்யப்பட்ட அகலங்களுக்கு விலை ஏறியபடியே இருக்கிறது. 1980களின் 16 அங்குல வீல்கள் ஏராளமாக வந்தவை. அவற்றுக்கும் எப்போதும் வாங்க ஆள் உண்டு, ஆனால் அபூர்வப் பொருளுக்கான விலை வராது. அபூர்வம் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. 14 அங்குல ஃபுக்ஸ் எண்ணிக்கையில் குறைவு. அதற்கேற்ற நல்ல டயர் கிடைப்பது கஷ்டம், தேடுபவர்களும் சிலரே. விலை அங்கேயே நின்றுவிடுகிறது.

அடுத்தது மேற்பரப்பு. கண்ணாடி போல் பாலிஷ் போட்ட ஃபுக்ஸைப் பார்த்தாலே எனக்கு மனசு கனக்கும். பாலிஷ் போட முதலில் அனோடைசிங்கைக் கரைக்க வேண்டும், பிறகு பஃபிங் சக்கரம் இதழ்களின் கூர்மையான ஓரங்களைத் தின்றுவிடும். போன உலோகம் திரும்பாது. பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பூசும் பவுடர் கோட்டிங் இன்னொரு வம்பு. நட்டு உட்காரும் குழியில் அந்தக் கனத்த பூச்சு இருந்தால், 130 நியூட்டன் மீட்டரில் முறுக்கியபிறகு பூச்சு நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். குழிகளையும், காரின் ஹப்பில் (வீல் மாட்டும் மையத்தில்) ஒட்டும் முகத்தையும் மறைத்துவிட்டுத்தான் பூச வேண்டும். குழியைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும்: போர்ஷே நட்டின் அடி உருண்டை. கூம்பு அடியுள்ள நட்டைப் போட்டு முறுக்கிக் குழி சிதைந்த வீல்கள் சந்தையில் நிறைய. கேட்கும் விலையில் அது தெரிவதே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல் தேதி முத்திரை. பொருந்திய நான்கு, தனித்தனி நான்கைவிடக் கூடுதல் விலைக்குப் போகும். மூன்று மட்டும் என்றால் அந்தக் கூடுதல் பெரும்பாலும் கரைந்துவிடும், நான்காவதை அதே தேதியில் தேடிப் பிடிப்பது அவ்வளவு சிரமம். அந்த வெல்டிங் வீலின் முத்திரை அசல். உலோகத்திலும் பெரும்பகுதி அசல். அதை நீக்கிவிட்டு, "உங்களுடையது மூணுதான்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் அதுவும் உண்மையாகாது, ஏனென்றால் சந்தை அதை நாலு என்றே எண்ணும்.

அவர் முதலில் கேட்டபடி நான்கையும் புதிதாக அனோடைஸ் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரே தொட்டியில், ஒன்றாகத் தொங்கவிட்டுக் கவனமாகச் செய்தால் நிறம் ஒன்றாக வரும். ஆனால் வெல்டிங்குக்கு நிரப்பிய கம்பியில் பெரும்பாலும் சிலிக்கான் அதிகம். அனோடைசிங்கில் அந்த இடம் மட்டும் சாம்பலாகக் கறுத்து எழும்பும். அதனால்தான் முன்பு வெல்டிங் செய்தவர் பெயின்ட் அடித்திருக்க வேண்டும். ஒன்றை மறைக்க மூன்று வீல்களின் அசல் படலத்தைப் பலி கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. இதை விளக்கியதும் அவர் உடனே ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தக் கேள்வி.

விற்க நாலு என்று சொன்னபோது, இன்னொருவர் கைக்கு அது போகும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன். அவர் நேர்மையானவர், வாங்குபவரிடம் சொல்வார். அந்த வாங்குபவர் அடுத்தவரிடம் சொல்வாரா? பொருந்திய நான்கு வீலை வாங்கியவருக்கு அவற்றைக் காரில் மாட்டிப் பார்க்கத்தான் ஆசை வரும். டயர் ஏறிவிட்டால் வெல்டிங்கின் பெரும்பகுதி மறைந்துவிடும். ஆட்டோபான் என்ற ஜெர்மன் விரைவுச் சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடிய கார் அது.

பட்டறையில் கூட வேலை செய்பவர் ஒரு வழி சொன்னார்: பின்பக்கத்தில் 'சாலைக்கு ஆகாது' என்று உளியால் குத்திவிடலாம், யாராலும் அழிக்க முடியாது. சரியான யோசனைதான். ஆனால் முத்திரைக்காகவே மதிப்புள்ள பொருளில் நாமே இன்னொரு முத்திரையை வெட்டுவது உடைமைக்காரர் முடிவு. அவரிடம் கேட்டோம். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்க வேண்டுமோ என்ற எண்ணம் அவ்வப்போது வருகிறது. பாதுகாப்பு என்று வரும்போது உடைமைக்காரர் முடிவு என்று ஒதுங்குவது சௌகரியமான பேச்சு.

மக்னீசியம் வீல்களில் இந்தச் சிக்கல் குறைவு. அதே காலத்துப் போர்ஷே 911 டி, 914/6 கார்களுக்கு மாலே நிறுவனம் செய்த மக்னீசியம் வார்ப்பு வீல் வந்தது, ஃபுக்ஸைவிடவும் லேசு. லம்போர்கினி மியூராவின் கம்பாக்னோலோ வீலும் மக்னீசியம்தான். மக்னீசியம் அரிக்கும், காற்று கசியும், வயதானால் நம்ப முடியாது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அசலை அலமாரியில் வைத்துவிட்டு, அதே வடிவில் புதிதாகச் செய்த வீல்களில் ஓட்டுபவர்கள் நிறைய. யாரும் அதைக் குறைவாக நினைப்பதில்லை. அசலின் விலையும் இறங்கவில்லை. அதே வழக்கம் இந்த ஒரு ஃபுக்ஸுக்கும் வந்துவிட்டால் போதும் என்றுதான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் மக்னீசியத்தின் ஆபத்து அதன் பெயரிலேயே இருக்கிறது. இந்த வீல் வெளியே ஆரோக்கியமாகத் தெரிகிறது.

கடைசியில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். மூன்று வீல்களையும் மிதமான சோப்பில் கழுவி, இதழ்களுக்கு நடுவே கறுப்புப் பெயின்ட் உதிர்ந்த இடங்களை மட்டும் தொட்டுச் சரிசெய்தோம். நான்காவதன் முன்பக்கத்துக்கு மற்றவற்றின் சாயலுக்குப் பொருந்தப் பெயின்ட். பின்பக்கத்தில் வெல்டிங் உள்ள இடத்தை வெறும் உலோகமாகவே விட்டோம். முத்திரை எண்களோடு, சாயச் சோதனையின் படங்களோடு, வெல்டிங்கின் அளவையும் குறித்து அறிக்கை எழுதி பில்லோடு சேர்த்தோம். சாலையில் ஓட்ட, அதே அளவில் தேதி வேறான ஒரு ஃபுக்ஸைத் தேடித் தருவதாகச் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டார்.

வெறும் உலோகமாக விட்ட இடத்தை ஒரு ஸ்ப்ரே டப்பாவால் நிமிடத்தில் மூடிவிடலாம். பில்லும் அறிக்கையும் வீலோடு ஒட்டிக்கொண்டா போகும்? ஆகையால், தேதி பொருந்திய செட் என்று யாராவது விலை சொன்னால், டயரைக் கழற்றி நான்கின் பின்பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். மூன்று அசல் படலத்திலும் ஒன்று மட்டும் பெயின்ட்டிலும் இருந்தால், அந்த ஒன்றைச் சோதித்து முடிக்கும்வரை அலமாரிக்கான வீல் என்று வைத்தே விலை பேசுங்கள்.