முப்பத்தொன்றாம் பெட்டி

மே 20, 2024, திங்கள்

காலை ஆறு மணிக்குப் பால் காய்ச்சினோம். பால் பொங்கி விளிம்பைத் தாண்டியதும் மாமி, அதாவது கணவரின் அம்மா, குரவையிட்டார்கள். பக்கத்து விளையில் (தோட்டத்தில்) ரப்பருக்குப் பால் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பதினோரு ஆண்டுகள் சென்னையில் வாடகைக்கு இருந்துவிட்டு, கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே பன்னிரண்டு சென்ட் நிலத்தில் நிற்கும் இந்தப் பழைய ஓட்டு வீட்டை வாங்கியிருக்கிறோம். சிவப்பு ஆக்சைடு தரை, பலகை மச்சு, சுண்ணாம்பு அடித்த சுவர்கள், பின்பக்கம் யாரோ பிற்காலத்தில் இறக்கிய ஒரு தகரக் கொட்டகை.

லாரியில் வந்தவை 43 பெட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் எண் எழுதி, எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்தும் வைத்திருந்தேன். அந்த நோட்டு இப்போது 43 பெட்டிகளுள் ஏதோ ஒன்றில் இருக்கிறது. எனக்கு நினைவில் நின்றது 17ஆம் பெட்டி மட்டுமே. அதில் கம்ப்யூட்டர், வீடியோ கேமுக்கான இரண்டு கன்ட்ரோலர்கள், சிறிய புரொஜெக்டர், அவற்றின் வயர்கள். அதைத்தான் முதலில் பிரித்தேன்.

"அடுக்களச் சாமானை எடுக்காம இதையா பிள்ளே முதல்ல எடுக்கே?" என்று மாமி கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அடுக்களையை அடுக்கினால் எனக்கு மட்டும் வேலை தொடங்கும், கம்ப்யூட்டரை மாட்டினால் நாங்கள் மூவரும் ஓரிடத்தில் உட்காருவோம் என்று எனக்குத் தோன்றியது. இரவு உணவு கடையில் வாங்கிய பரோட்டா. உண்ட பிறகு நடு அறையில் வெறுந்தரையில் அமர்ந்து, சுவரை ஒட்டி நின்ற பெட்டிகளுக்கு நடுவே, மகளும் அவளுடைய அப்பாவும் பதினொரு மணி வரை கம்ப்யூட்டர் விளையாட்டில் கார் ஓட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே தவளைச் சத்தம். சென்னையில் அந்த நேரத்துக்கு மேல்மாடிக்காரர் கட்டிலை இழுக்கும் சத்தம்தான் கேட்கும்.

மே 22, புதன்

பின்புறச் சக்கை (பலா) மரத்தில் முதல் பழம் வெட்டினோம். மகள் சுளையைத் தின்ற கையோடு கன்ட்ரோலரை எடுத்துவிட்டாள். சக்கைப் பாலின் பசை பொத்தான்களின் இடுக்கில் இறங்கி, குதிக்கும் பொத்தான் அழுத்தினால் மேலே வராமல் உள்ளேயே நின்றுவிட்டது. அவளுடைய வீரன் அரைமணி நேரம் காரணமில்லாமல் குதித்துக்கொண்டே இருந்தான். சோப்பு நீரெல்லாம் அந்தப் பசையிடம் செல்லாது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பொத்தானைச் சுற்றித் துடைத்த பிறகு விட்டது. கன்ட்ரோலரில் இப்போதும் எண்ணெய் மணக்கிறது.

மே 24, வெள்ளி

கம்ப்யூட்டரின் இரும்பு உறையில் கை பட்டால் விர்ரென்று ஒரு கூச்சம். முதலில் என் கற்பனை என்று நினைத்தேன். பிறகு மகள், செருப்பில்லாமல் தரையில் நின்று பென் டிரைவ் செருகும்போது மட்டும் "கடிக்குது" என்றாள். ஈரக் காலோடு நின்றபோது இன்னும் பலமாகக் கடித்தது. அந்தக் கணமே சுவிட்சை அணைத்தேன்.

கணவர் டெஸ்டரும் பல்புமாக உட்கார்ந்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பிடித்தால் பல்பு எரிகிறது, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடித்தால் எரியவே இல்லை. வீட்டில் மூன்று துளை பிளக்குகள் இருக்கின்றன. மூன்றாவது துளைக்குப் பின்னால் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் உள்ள வடிகட்டும் மின்தேக்கிகள் மிகச் சிறிய அளவு மின்சாரத்தை உறைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் என்றும், எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் தொடுபவரின் வழியாகப் போகும் என்றும் விளக்கினார். வீட்டை விற்றவர் "வயரிங் எல்லாம் புதுசு" என்று சொன்னது பொய்யில்லை. வயர்கள் புதியவைதான்.

விளையாட்டு நிறுத்தப்பட்டது. மகள் என் மீது கோபமாக இருக்கிறாள். மாமி மட்டும், அடுக்களையைத் தொடங்க நல்ல நாள் பார்த்துவிட்டேன் என்ற முகத்துடன் நான்கு பெட்டிகளைப் பிரித்துவிட்டார்கள்.

மே 28, செவ்வாய்

மூன்று முறை தவணை சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியன் இன்று வந்தார். கிணற்றடிக்கு அப்பால், எப்போதும் ஈரம் நிற்கும் இடத்தில் ஆழமாகக் குழி எடுத்து, நடுவில் இரும்புக் குழாயை நிறுத்தி, அதைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போட்டு மூடினார். கரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உப்பு அந்த ஈரத்தில் மின்சாரம் எளிதாக ஓட வழி செய்யும். இரண்டு சாக்குச் சிரட்டைக் கரி, ஒரு மூட்டைக் கல்லுப்பு. குழியைப் பார்க்க வந்த மாமி, "இவ்வளவு உப்பு போட்டு ஊறுகாயா போடுகிய?" என்றார்கள்.

மாலையில் பல்பைப் பிடித்துப் பார்த்தோம். எரிந்தது. எத்தனையோ படங்களில் எத்தனையோ விளக்குகள் ஏற்றப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்; மகள் எந்த விளக்குக்கும் இப்படிக் கை தட்டியதில்லை.

ஜூன் 1, சனி

கேரளத்தில் மழை தொடங்கிவிட்டதாக நேற்றுமுன்தினம் அறிவித்தார்கள். நமக்கு அது தனிச் செய்தி இல்லை. இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இந்தத் தென்மேற்குப் பருவமழையை இன்னும் இடவப்பாதி என்றுதான் சொல்கிறார்கள். பகல் முழுவதும் சாரல்.

இன்று முதல் முறையாகப் புரொஜெக்டரை மாட்டினோம். அதை எங்கே வைப்பது என்பதில் ஒரு மணி நேரம் போயிற்று. தரையில் வைத்து மேலே சாய்த்தால் படம் மேற்புறம் விரிந்து சரிவகமாகிவிடுகிறது. அதை மெனுவில் சரிசெய்யலாம் என்றாலும், அப்படிச் செய்வது படத்தைப் பிசைந்து சதுரமாக்குவதுபோல, கூர்மை போய்விடும். நாற்காலி அதிக உயரம், மணை மிகக் குறைவு. கடைசியில் சுவரோரம் பிரிக்கப்படாமல் கிடந்த 31ஆம் பெட்டியை இழுத்துப் போட்டு அதன் மேல் வைத்தோம். படம் நாலு மூலையும் நேராக உட்கார்ந்தது. பெட்டியைப் பிரிக்கக் கூடாது, அசைக்கக் கூடாது என்று மகள் அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவிட்டாள்.

குறைகள் இரண்டு. சுவரின் வலப்புறம், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்தில் ஓதம் பிடித்திருக்கிறது. வலப்பக்கம் வந்து நிற்கும் எந்த நடிகருக்கும் கன்னத்தில் ஒரு மச்சம் விழுகிறது; வில்லன்களுக்கு அது பொருந்துகிறது. இரண்டாவது, சத்தம். வெறும் ஆக்சைடு தரை, வெறும் சுவர், உயரமான மச்சு. ஒருவர் பேசி முடிப்பதற்குள் அவர் குரலே திரும்பி வந்து அவர்மேல் மோதுகிறது. கை தட்டினால் அறை பதிலுக்குத் தட்டுகிறது. அதோடு தகரக் கொட்டகையில் மழை விழும்போது வசனம் அறவே கேட்பதில்லை. தமிழ்ப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டுப் பார்த்த முதல் குடும்பம் நாங்களாக இருக்கலாம். தடித்த திரைச்சீலையும் தரைக்குக் கம்பளமும் வாங்கினால் எதிரொலி அடங்கும். விலை விசாரித்தேன். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 2, ஞாயிறு

இரவு 'மணிச்சித்திரத்தாழ்' பார்த்தோம். 1993இல் ஃபாசில் இயக்கியது. கணவருக்கு இது எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ. மலையாளப் படத்தைச் சப்டைட்டில் இல்லாமல் பார்ப்பது இந்த மாவட்டத்துக்காரர்களுக்குப் பிறவிச் சொத்து, நானும் மகளும்தான் எழுத்தை நம்பியிருந்தோம்.

பழைய மாளிகையில் பூட்டிக் கிடக்கும் அறையைத் திறக்கும் கட்டம் வந்தபோது, எங்கள் தலைக்கு மேலே, மச்சுக்கும் ஓட்டுக்கும் நடுவே, தடதடவென்று எதுவோ ஓடி நடு அறையைக் கடந்து அடுக்களைப் பக்கம் போய் நின்றது. மகள் என் மடியில் ஏறிவிட்டாள். நான் புரொஜெக்டரைப் பார்க்கிறேன், கணவர் மச்சைப் பார்க்கிறார், மாமி மட்டும் வெற்றிலையை மடித்தபடியே, "மரநாய். சக்கப்பழத்துக்கு வந்திருக்கும்" என்றார்கள். படத்தில் சைக்கியாட்ரிஸ்ட் வந்து இரண்டு மணி நேரம் எடுத்துச் செய்யும் வேலையை மாமி இரண்டு சொற்றொடரில் முடித்துவிட்டார்கள்.

ஜூன் 9, ஞாயிறு

அந்தப் படத்தின் சில காட்சிகள் எடுக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனை எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. நாளை பள்ளி திறக்கிறது, அரண்மனைக்கோ திங்கள்கிழமை விடுமுறை. ஆகவே இன்றே போனோம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த இடம். மண் தமிழ்நாட்டுடையது, நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறையுடையது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மகள் ஒவ்வொரு படியிலும் நின்று, "இங்கேதான் அவள் நின்றாள்" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாதி சரியாக இருந்திருக்கும். எனக்குப் பிடித்தது தரை. முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் அந்தக் கறுப்புத் தரையில் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்ந்திருப்பதாக வழிகாட்டி சொன்னார். "நம்ம எர்த் குழியில போட்ட அதே கரியா?" என்று மகள் உரக்கக் கேட்டாள். அவர் ஒரு கணம் விழித்துவிட்டு, அதேதான் என்றார்.

ஜூன் 12, புதன்

பிரிக்காத பெட்டிகள் ஒன்பது. இந்த நிலையில் நான் மாலையில் ஆடுவது 'அன்பாக்கிங்' என்ற விளையாட்டு; அதில் வேலையே பெட்டி பிரிப்பதுதான். ஆஸ்திரேலியாவின் விட்ச் பீம் 2021இல் வெளியிட்டது. ஒரு பெண் தன் 1997ஆம் ஆண்டுச் சிறுமி அறையில் தொடங்கி, 2018 வரை எட்டு முறை வீடு மாறுகிறாள். அவள் முகம் காட்டப்படுவதில்லை, பேச்சில்லை; பெட்டியிலிருந்து வரும் பொருள்களைக் கொண்டே அவளை அறிந்துகொள்ள வேண்டும். 2010இல் ஓர் ஆணின் வீட்டுக்குக் குடிபோகிறாள். அவள் பட்டச் சான்றிதழை மாட்ட அந்த வீட்டுச் சுவரில் எங்கும் இடமில்லை. எங்கே வைத்தாலும் விளையாட்டு ஏற்காது. கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் ஏற்கும். அந்த இடத்தில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன்.

பிறகு எழுந்து, என் சான்றிதழ் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். 22இல் இருந்தது. இரவு ஒன்பதரை மணிக்கு ஆணி அடிப்பதைப் பார்த்துக் கணவர் எதுவும் கேட்கவில்லை, சுத்தியலை மட்டும் வாங்கிக்கொண்டார்.

தவறான இடத்தில் வைத்த பொருளைச் சுற்றி அந்த விளையாட்டு சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். நம் வீட்டில் அந்த வசதி இல்லை என்று சொன்னேன். "மாமி இருக்கிறார்களே" என்றாள் மகள். அவளுக்குப் பாட்டி, ஆனால் என்னைக் கேலி செய்யும்போது மாமி என்பாள்.

ஜூன் 16, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பாட்டாவுக்கு 78 வயது. இவ்வளவு நாளும் வேலிக்கு அப்பால் தலையாட்டல் மட்டும்தான். இன்று பழைய என்.எஸ்.கிருஷ்ணன் படம் ஒன்றின் பாட்டுச் சத்தம் கேட்டு, ஒரு சீப்பு மட்டிப் பழத்துடன் வந்துவிட்டார். கலைவாணர் நாகர்கோவிலில் ஒழுகினசேரிக்காரர், வில்லுப்பாட்டிலிருந்து நாடகத்துக்கும் அங்கிருந்து சினிமாவுக்கும் போனவர் என்பது எனக்குத் தெரியும். அவர் பேச்சில் எந்தெந்தச் சொல் நாஞ்சில் நாட்டுச் சொல் என்பதைப் பாட்டா எடுத்துச் சொல்லச் சொல்லத்தான், இத்தனை நாளும் பாதிச் சிரிப்பைத் தவறவிட்டிருக்கிறேன் என்பது தெரிந்தது.

புரொஜெக்டரின் கீழே இருந்த பெட்டியைப் பார்த்ததும் பாட்டா சிரித்தார். இளவயதில் அவர் பெட்டிக்காரராக இருந்திருக்கிறார். ஒரே பிரிண்டை இரண்டு கொட்டகைகளில் ஓட்டுவார்கள்; ஒன்றில் படம் முன்னதாகத் தொடங்கும், ஓடி முடிந்த ரீல்களை இவர் தகரப் பெட்டியில் வைத்துச் சைக்கிளில் அடுத்த கொட்டகைக்குக் கொண்டுபோவார். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடங்கள்தான் அவருடைய கணக்கு. ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ள எவ்வளவு, இறக்கத்தில் எவ்வளவு, மழையில் பிலிம் நனையாமல் பெட்டியின் மேல் ரப்பர் ஷீட் போட எவ்வளவு என்று எல்லாவற்றையும் ரீலில்தான் அளந்தார். ஒருமுறை டயர் பஞ்சராகி, அடுத்த கொட்டகையில் கதாநாயகி கிணற்றில் குதித்த இடத்தோடு திரை வெள்ளையாகிவிட்டதாம். அவளைக் காப்பாற்றும் ரீலைத் தோளில் வைத்துக்கொண்டு இவர் ஓடியிருக்கிறார்.

"அப்போ எல்லாப் படமும் ஓசியில பாத்திருப்பியளே பாட்டா?" என்று கணவர் கேட்டார்.

"எங்க மக்ளே. இங்க ஒரு துண்டு, அங்க ஒரு துண்டு. முடிவை முதல்ல பாப்பேன், கல்யாணத்தைக் கடைசியில பாப்பேன்."

மழை வலுத்துத் தகரம் இரைந்ததால் மீதி வசனம் கேட்கவில்லை. பாட்டாவால் சப்டைட்டிலைப் படிக்க முடியவில்லை. மகள் அவர் காதருகே அமர்ந்து படித்துச் சொன்னாள். அடுத்த ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜூன் 23, ஞாயிறு

தச்சர் அயனி மரத்தில் செய்த முக்காலி நேற்று வந்தது. உயரம் எவ்வளவு வேண்டும் என்று அவர் கேட்டபோது 31ஆம் பெட்டியை அளந்து 46 சென்டிமீட்டர் என்று சொல்லியிருந்தேன். முக்காலிக்குப் புரொஜெக்டரை மாற்றியதும் பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. வீட்டில் பிரிக்காமல் எஞ்சியிருந்தது அது ஒன்றுதான்.

மகள் தான் எழுதிய எச்சரிக்கையைத் தானே கிழித்துத் திறந்தாள். உள்ளே சென்னையில் கட்டிலுக்கு அடியில் மடித்தே கிடந்த மூன்று பவானி ஜமுக்காளங்களும், இரண்டு கனத்த திரைச்சீலைகளும், ஒரு ரஜாயும் இருந்தன. மூன்று வாரமாக எந்த எதிரொலியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தோமோ அதற்கான மருந்தின் மேலேயே புரொஜெக்டரை உட்கார வைத்துப் படம் பார்த்திருக்கிறோம். கம்பளத்துக்கு முன்பணம் கொடுக்காதது நல்லதாயிற்று. எங்கள் நோட்டும் அடியில் இருந்தது; 31க்கு நேரே என் கையெழுத்தில் 'இப்போது தேவைப்படாது' என்றிருக்கிறது.

ஜமுக்காளங்களை விரித்து, திரைச்சீலைகளை எதிர்ச்சுவரில் தொங்கவிட்டு, நான் நடுவில் நின்று கை தட்டினேன். அறை பதிலுக்குத் தட்டவில்லை. மாமியும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள்.

ஆறரை மணிக்குப் பாட்டா வந்தார், வாசலில் கால் கழுவிவிட்டு ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் கேட்டிருந்த பழைய படத்தை எடுத்து வைத்திருந்தோம்; அதில் முதல் நான்கு ரீலும் கடைசி ரீலும்தான் அவருக்குத் தெரியுமாம். வெளியே மழை இல்லை. விளக்கை அணைத்தோம். ஐந்தாம் ரீல் எங்கே தொடங்கும் என்று மகள் நாற்பத்து நான்காம் நிமிடத்தைக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அது வந்ததும் அவள் அவர் முழங்கையைத் தொட்டாள். பாட்டா கையை மெல்ல விலக்கிவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.