சால்பியூட்டமால் எத்தனாவது இடம்?

எங்கள் வீட்டு டிவி மேல் எப்போதும் ஒரு நீல இன்ஹேலர் இருக்கும். அம்மா சோமனூர்ப் பக்கம் நூல் மில்லில் பதினெட்டு வருடம் இருந்தவர், பஞ்சுத் தூசியில் நெஞ்சு இறுகினால் இரண்டு அழுத்து அழுத்துவார், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அதில் இருப்பது சால்பியூட்டமால், அது மூச்சுக்குழல் தசையில் இருக்கிற பீட்டா-2 ரிசப்டரை (மருந்து வந்து ஒட்டுகிற புரதம்) இயக்கி, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறை ஏற்றி, தசையைத் தளர்த்துகிறது என்பதெல்லாம் எம்.எஸ்சி.யில்தான் தெரிந்தது. பிஎச்.டி.க்கு அதையே எடுத்தேன். அந்த ரிசப்டரை இயக்கும் புது மூலக்கூறுகளைக் கம்ப்யூட்டரில் தேடுவதுதான் வேலை.

அதற்கு ரிசப்டரின் முப்பரிமாண அமைப்பு வேண்டும். 2007இல் வந்த, எல்லோரும் எடுக்கிற 2.4 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கமுள்ள அமைப்பையே நானும் எடுத்தேன் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). அதில் ஒட்டியிருந்த கராசலால் என்ற மருந்தைப் பிரித்து மறுபடி டாக் செய்தால் (கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்த்தால்) 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் அதே இடத்தில் அழகாக உட்கார்ந்தது. போதும் என்று ஒரு லட்சம் சேர்மங்களை ஆட்டோடாக் வினா என்ற டாக்கிங் மென்பொருளில் விட்டேன், எது எவ்வளவு நன்றாக ஒட்டும் என்று அது மதிப்பெண் போடும். துறை சர்வரில் இடமில்லை, தறிக்கொட்டகையை ஒட்டிய அறையில் பழைய டெஸ்க்டாப் ராத்திரி பகலாக ஓடியது. கரண்ட் போனால் தறியும் நிற்கும், டாக்கிங்கும் நிற்கும். "ஏங்கண்ணு, உன்ற பொட்டிக்கும் நைட் ஷிப்டா?" என்பார் அப்பா.

நான்கு மாதம் கழித்து மதிப்பெண் வரிசைப் பட்டியலோடு போனால் கைடு ஒன்றுதான் கேட்டார்: "சால்பியூட்டமால் எத்தனாவது இடத்துல இருக்குதுங்க?" (மாணவனுக்கும் 'ங்க' போடுகிறவர், திட்டுகிறாரா இல்லையா என்றே பிடிபடாது.) நான் அதைச் சேர்க்கவே இல்லை. அன்று ராத்திரி சேர்த்து ஓட்டினேன். சால்பியூட்டமால் பாதிக்கும் கீழே கிடந்தது, புரோப்ரனலால் முதல் நூறுக்குள். அது இதே ரிசப்டரை அடைக்கிற மருந்து, ஆஸ்துமாக்காரருக்கு ஆகவே ஆகாது. அம்மாவுக்கு மருந்து தேடப் போய் ஆகாததையெல்லாம் மேலே அடுக்கி வைத்திருக்கிறேன்!

கராசலால் ரிசப்டரை அணைத்து வைக்கிற ஆள், அதனால் 2007 அமைப்பு அணைந்த நிலை. அதற்குள் கராசலால் சரியாகப் பொருந்தியதில் என்ன அதிசயம்? போதாததற்கு வினா பெரிய மூலக்கூறுக்கு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்கும், சால்பியூட்டமாலோ சின்னது. செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் ஜி புரதத்தோடு சேர்ந்து இயங்கும் நிலை 2011இல்தான் வெளிவந்தது, மறு வருடமே இந்த வகை ரிசப்டர்களை ஆராய்ந்த லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் நோபல். அதில் ரிசப்டரின் ஆறாவது சுருளின் (புரத இழை சுருண்டிருக்கும் பகுதி) உள்முனை 14 ஆங்ஸ்ட்ராம் வெளியே விலகுகிறது. மருந்து உட்காரும் பக்கத்தில் மாற்றம் கொஞ்சம்தான், ஐந்தாவது சுருள் சற்று உள்ளே வருகிறது. ஆனால் அங்கிருக்கும் செரின் என்ற அமினோ அமிலங்கள் மருந்தின் ஹைட்ராக்சிலை எட்டிப் பிடிக்க அந்தக் கொஞ்சம்தான் வேண்டியிருக்கிறது.

2011 அமைப்பை வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டினேன். இந்த முறை தெரிந்த மருந்துகளை முதலில் விட்டேன், மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல் ரிசப்டரில் 113ஆவது இடத்திலுள்ள ஆஸ்பார்டிக் அமிலத்தையும் அந்தச் செரின்களையும் தொடாததைக் கழித்தேன். நடந்ததை அம்மாவிடம் சொன்னதற்கு, "என்ற மருந்து இப்ப பாஸாங்கண்ணு?" என்றார். முதல் இருநூறுக்குள் வந்துவிட்டது என்றேன்.

ஒன்பது சேர்மங்களுக்கு ஆர்டர் போட்டிருக்கிறோம். வந்தால்தான் செல்லில் போட்டு சைக்ளிக் ஏஎம்பி ஏறுகிறதா என்று பார்க்க முடியும்.