16-க்கு 1

ஜெரால்ட் ஃபிட்ஸ்மாரிஸ். சட்டம் படித்தவர்களைத் தாண்டி அதிகம் பேருக்குத் தெரியாத பெயர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் பொருளாதாரப் போர் அமைச்சகத்துக்குச் சட்ட ஆலோசகர். ஜெர்மனிக்குச் சரக்கு போகாமல் தடுப்பது அந்த அமைச்சகத்தின் வேலை. அப்புறம் வெளியுறவு அமைச்சகம், 1960இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம்.

நீதிபதி ஆனாலும் அரசு வக்கீல் மனசு போகவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நமீபியாவைத் தென்னாப்பிரிக்கா தன் பிடியில் வைத்திருப்பது சட்டவிரோதம் என்று 1971இல் 13 நீதிபதிகள் சொன்னார்கள். மறுத்த இருவரில் இவர் ஒருவர்.

சரி, அதையாவது சட்ட நுணுக்கம் எனலாம். 1978இல், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில்? வட அயர்லாந்தில் பிரிட்டன் பிடித்துவைத்தவர்களின் தலையை மூடி, மணிக்கணக்கில் சுவரோரம் நிற்கவைத்து, இரைச்சலில் விட்டு, தூக்கமும் சோறும் தராமல் விசாரித்த வழக்கு. மனிதத்தன்மையற்ற செயல் என்றார்கள் 16 நீதிபதிகள். இல்லை என்றவர் இவர் ஒருவரே.

மறுப்பைப் பக்கம் பக்கமாக எழுதியும் வைத்திருக்கிறார். படித்தால் கோபம் வருகிறது. பாழாய்ப்போன தெளிவு, கீழே வைக்கவும் முடியவில்லை.