செவலைக்குச் சளி பிடித்த ஐப்பசி

ஐப்பசி அடைமழையின் நான்காம் நாள் இரவு, கூட்டைச் சாத்தப் போனபோது உள்ளேயிருந்து குறட்டை போன்ற ஒரு சத்தம் வந்தது. பகலில் ஆறு கோழிகளும் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்போது கேட்காத அந்தச் சத்தம், எல்லாம் அடைந்து அமைதியான பிறகுதான் காதுக்கு எட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால், செவலை கழுத்தை நீட்டி, அலகைச் சற்றே திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மூக்கில் நீர் கசிந்து அதில் தவிடு ஒட்டியிருந்தது. ஒரு கண்ணோரத்தில் நுரை தெரிந்தது.

உடனே அதைப் பிரித்துத் திண்ணையில் பஞ்சாரத்துக்குள் வைத்தேன். அதுவரை செய்தது சரி. அடுத்து, துளசியும் மிளகும் இடித்துப் பிழிந்த சாற்றை அலகைப் பிளந்து ஊற்றியதுதான் தவறு. கோழி தலையை உதறி இருமியது; இழுப்பு முன்னிலும் அதிகமானது. மறுநாள் கால்நடை மருந்தகத்தில் மருத்துவர் அதன் வாயைத் திறந்து, நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் திறந்து மூடுவதைக் காட்டியபோதுதான், நான் சாற்றை எங்கே ஊற்றியிருந்தேன் என்பது புரிந்தது. மருந்தை ஊற்றக் கூடாது. அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, அது தானாக விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். கோழிக்கு நம்மைப்போல் உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் காற்று உள்ளே போய்வருகிறது. ஆகவே மூச்சு முட்டும் கோழியை நெஞ்சோடு இறுக்கி அணைப்பதுகூட அதற்குத் தீங்குதான்.

‘கோழிக்குச் சளி’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது பல நோய்களுக்குப் பொதுவான வெளித்தோற்றம். மருத்துவர் முதலில் எச்சத்தைப் பற்றித்தான் கேட்டார். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டால் அது வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட்; அதைத் தடுப்பூசியால் தடுக்கலாமே தவிர, வந்த பின் குணப்படுத்த மருந்தில்லை. முகம் வீங்கி, மூக்குநீர் துர்நாற்றம் அடித்தால் கொரைசா. இருமலில் இரத்தம் தெறித்தால் அது வேறு வைரஸ். திடீரென்று பல கோழிகள் செத்தால் எதையும் தொடாமல் தகவல் சொல்ல வேண்டும் என்றார். செவலைக்கு இவை எதுவும் இல்லாததால், மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியால் வரும் நாட்பட்ட சுவாச நோயாகவே இருக்கும் என்று கணித்தார். உறுதி செய்ய ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

வீட்டில் மிச்சமிருந்த அமாக்சிசிலின் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அந்த வகை மருந்துகள் நுண்ணுயிரியின் செல்சுவரைத் தாக்குபவை; மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது என்றார். அவர் எழுதித் தந்தது டைலோசின்: ஒரு லிட்டர் குடிநீருக்கு அரை கிராம், ஐந்து நாள், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கேட்க எளிதாக இருந்தாலும், முற்றமெங்கும் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடக்கும்போது எந்தக் கோழி மருந்துத் தண்ணீரைத் தேடி வந்து குடிக்கும்? மூன்றாம் நாள் மற்றவற்றில் சிலவும் தும்மத் தொடங்கவே, எல்லாவற்றையும் மதியம்வரை அடைத்து வைத்து, அந்தத் தண்ணீரை மட்டுமே குடிக்கச் செய்தேன். செவலைக்குக் கம்பங்கூழைக் கெட்டியாகப் பிசைந்து வைத்தேன். அடையும் நேரத்தில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தடவிப் பார்த்து, நிறைந்திருக்கிறதா என்று கவனித்தேன்.

ஆனால் மருந்தைவிடக் கூட்டில் செய்த வேலையே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. சாரல் அடிக்கக் கூடாதென்று நான்கு பக்கமும் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தேன். ஒரு விடியலில் கோழி நிற்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுத்தபோது எனக்கே கண் எரிந்தது. ஈர எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா, மூச்சுக்குழலில் சளியை வெளியே தள்ளும் நுண்ணிழைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். அதன்பின் கிருமிக்குத் தடையேது? ஈரக் குப்பையை முழுவதும் வாரிவிட்டு உமியும் நிலக்கடலைத் தோலும் பரப்பி, தார்ப்பாயின் மேல்பக்கத்தில் ஒரு சாண் இடைவெளி விட்டேன்.

நோய் வந்த வழியும் என் அவசரம்தான் என்று நினைக்கிறேன். இரண்டு வாரத்துக்கு முன் சந்தையில் வாங்கிய கருங்கோழியை, தனியே வைத்துப் பார்க்காமல் அன்றைக்கே கூட்டில் விட்டிருந்தேன். அது இன்றுவரை ஒரு தும்மல்கூடப் போடவில்லை; நோய் காட்டாமலே கிருமியைச் சுமந்து வந்திருக்கலாம்.

ஆறாம் நாள் செவலையின் இழுப்பு அடங்கியது. மருந்து முட்டையிலும் தங்கும் என்பதால், மருத்துவர் சொன்ன நாள்வரை எந்த முட்டையையும் உண்ணாமல் குழியில் புதைத்தோம். அம்மாவுக்கு அதுதான் மனம் கேட்கவில்லை. தையில் பக்கத்து வீட்டு அக்கா அடைக்கு வைக்கப் பத்து முட்டை கேட்டார். தேறிய கோழியின் உடலிலும் இந்தக் கிருமி தங்கி, முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகும் என்பதால், ‘சமைக்க எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, அடைக்கு வேண்டாம்’ என்றேன். முட்டையைக் கொடுத்துவிட்டுக் குஞ்சைத் தர மறுக்கிறேன் என்று அவருக்கு இன்னும் வருத்தம்.