பெரியம்மா கையில் இருக்கும் தழும்பு

மலேசியாவில், கோலாலம்பூரின் செந்தூலில் எங்களோடு இருக்கும் பெரியம்மாவுக்கு 2021இல் வயது 71. வீட்டில் எல்லோரும் மைசெஜாத்ரா என்ற அரசாங்கச் செயலியில் கோவிட் தடுப்பூசிக்குப் பதிந்துவிட்டோம், அவர் மட்டும் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "யாருக்கோ ஊசி போட்ட மூணாம் நாள் உயிர் போச்சாம்" என்பார். யார், எந்த ஊர் என்று கேட்டால், வாட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவைப் போட்டுக் காட்டுவார், அதிலும் பெயர் இருக்காது.

அப்போது தயங்கியவர்களை எல்லாம் முட்டாள்கள் என்று பேசியவர்கள் நிறைய பேர். எனக்கு அது இன்றும் பொறுக்கவில்லை. ஏப்ரல் 28ஆம் தேதி அஸ்ட்ராசெனெகா என்ற தடுப்பூசியைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, விருப்பப்பட்டவர்கள் தனியாகப் பதிந்து போட்டுக்கொள்ளலாம் என்று அமைச்சர் கைரி ஜமாலுடின் அறிவித்தார். இரத்தக்கட்டு பற்றிய செய்திகளால் மக்களிடம் இருந்த பயம்தான் காரணம். பெரியம்மா உடனே கேட்டார்: "நல்ல ஊசின்னா, வேணும்கிறவன் போட்டுக்கோன்னு ஏன் தனியா ஒதுக்கி வைக்கிறாங்க?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த ஊசியால் இரத்தக்கட்டு வருவது மிக மிக அரிது, கோவிட் வந்தால் இரத்தம் கட்டும் ஆபத்து அதைவிட அதிகம் என்று அவருக்குப் புரியும் தமிழில் உட்கார்ந்து யாராவது சொல்லியிருக்க வேண்டும், நான் உட்பட யாரும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் மே 2ஆம் தேதி நண்பகல் கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் அதே ஊசிக்குப் பதிவு திறந்தபோது, 268,000க்கும் மேற்பட்ட இடங்கள் நான்கு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோயின. எனக்கு ஒன்று கிடைத்தது. அன்று ராத்திரி பெரியம்மா சாப்பிடவே இல்லை.

மறுநாள் காலையில் அவரே சட்டைக் கையைத் தூக்கி இடது தோளில் இருக்கும் வட்டத் தழும்பைக் காட்டினார். சின்ன வயதில் எஸ்டேட் தோட்டத்தில் பெரியம்மைக்கு அம்மை குத்தியது. டிரெஸ்ஸர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், வருகிறார் என்று தெரிந்ததும் பாட்டி இவரைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தாராம், மாரியாத்தா கோபிப்பாள் என்ற பயம். டிரெஸ்ஸரின் மனைவி தன் பிள்ளையைத் தூக்கி வந்து, புண் ஆறிய கையைக் காட்டிய பிறகுதான் பாட்டி விட்டாராம். அந்தப் பெரியம்மை இன்று உலகத்திலேயே இல்லை, ஒழிந்துவிட்டது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது என்று சொன்னேன். "அப்படியா, அது இந்த ஊசியாலதானா?" என்று தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான் ஊசி போட்டு வந்த அன்று இரவு நல்ல காய்ச்சல், கை தூக்க முடியவில்லை. பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் நான் எழுந்து இடியப்பம் சாப்பிட்டதை நேரில் பார்த்தார். "சரி, என் பேரையும் போடு" என்றார்.

ஜூலையில் அவருக்கு ஃபைசர் கிடைத்தது. ஆகஸ்ட் 26ஆம் தேதி நாட்டில் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று என்று செய்தியில் வந்தபோது அவர் இரண்டு ஊசியும் போட்டு முடித்திருந்தார். அன்று சாயங்காலம், கோயிலில் பழக்கமான மூன்று அம்மாக்களுக்குப் போன் போட்டார். அதில் இருவர் இன்னும் பதியவே இல்லை. "ஒரு நாள் கை வலிச்சுச்சு, அவ்வளவுதான், பொய் சொல்லல" என்று அவர் அடித்துச் சொல்ல, நான் அவர்களுடைய ஐசி (அடையாள அட்டை) எண்களைக் கேட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன்.