சம்பளக்காரர் சொல்லும் விலை

கந்தோர் விட்டு நாலேகாலுக்கு வெளியே வரும் கணக்காளரை மறித்து ஒரு முதலாளி கேட்பார்: "சேர், கிழமைக்கு மூணு நாள் பின்னேரம் வந்து கொப்பியை ஒருக்கா பார்த்துத் தாங்க. எட்டாயிரம் தாறன். உங்களுக்கு என்ன, சம்பளம் இருக்குத்தானே." கல்முனையில் ஹார்ட்வெயார் கடை, சம்மாந்துறையில் அரிசி ஆலை, செங்கலடியில் உரக்கடை என்று இடம் மாறும், கேள்வி மாறாது. "பார்ப்பம்" என்று சொல்லிவிட்டு அடுத்த திங்கட்கிழமையே போய் உட்காருகிறவர்கள் எங்கள் கிழக்கிலங்கைப் பக்கம் நிறையப் பேர்.

2022இல் ரூபாய் விழுந்து காஸும் பால்மாவும் கைக்கு எட்டாமல் போனபோது இரண்டாவது வேலை எடுத்தவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. இங்கே பேசுவது காசுத் தேவை இல்லாமலே எடுப்பவர்களைப் பற்றி. தேவை உண்டா இல்லையா என்று வெளியாள் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. அவரவர் ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்க்க வேண்டும். மாதச் செலவு, கடன் தவணை, தாய் தகப்பனின் மருந்து, பிறகு வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளில் பன்னிரண்டில் ஒரு பங்கு. கோயில் திருவிழா, பெருநாள், கொழும்பிலோ பேராதனையிலோ படிக்கும் பிள்ளையின் விடுதிக் காசு எல்லாம் இதில் வரும். இவ்வளவும் கழித்த பிறகு மாதா மாதம் மீதி விழுகிறது, ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பும் கிடக்கிறது என்றால் அந்த வேலைக்குக் காரணம் வேறு. சும்மா இருக்கப் பிடிக்கவில்லை, மறுக்க வெட்கம், ஓய்வு பெற்ற பிறகு கைகொடுக்கும் என்ற எண்ணம், கணக்கு வேலையில் உள்ள உண்மையான ஆசை. இவை எதுவும் பிழையான காரணம் இல்லை. பிழை நுழையும் வாசல் விலையில் இருக்கிறது.

அந்த எட்டாயிரத்தைப் பிரித்துப் பார்ப்போம். மாதத்துக்குப் பதின்மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டரை மணித்தியாலம், மாத முடிவில் இன்னும் மூன்றரை. மொத்தம் 36 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 222 ரூபாய், பரவாயில்லை போலத் தெரியும். கடை 12 கிலோமீற்றர் தூரத்தில் இருந்தால் போய்வர 24, பதின்மூன்று தடவைக்கு 312 கிலோமீற்றர். மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 40 ஓடினால் எட்டு லீற்றருக்குச் சற்றுக் குறைவு. லீற்றர் 300 ரூபாய் என்று வைத்தால் பெற்றோலுக்கு மட்டும் 2,340. மிஞ்சுவது 5,660. போய்வரும் நேரம் பதின்மூன்று மணித்தியாலத்தையும் சேர்த்தால் 49 மணித்தியாலம். இப்போது மணித்தியாலத்துக்கு வருவது 115 ரூபாய். 2026 ஜனவரி தொடக்கம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000. கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று பிரித்தால் அது 154 ரூபாய் அளவில் வரும். படித்த கணக்காளர் ஒருவர், தெரிந்தோ தெரியாமலோ, அதற்கும் கீழே இறங்கி நிற்கிறார்.

சம்பளக்காரருக்கு இது வலிக்காது. பெற்றோலும் சாப்பாடும் வீட்டு வாடகையும் முதல் வேலையின் காசில் போய்விடும். வலிப்பது வேறொருவருக்கு. மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் உள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களில் கணக்கியல் டிப்ளோமா முடித்தவர்கள், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் வணிகமும் முகாமைத்துவமும் படித்து வெளியேறியவர்கள் இந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் மாதக்கணக்கில் இருந்த சத்தியாக்கிரகத்தை நேரில் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அப்படி ஒரு பிள்ளை இப்படியான கடைகளை வைத்தே பிழைக்க நினைத்தால் மூன்றுக்கு மேல் எடுக்க முடியாது. எல்லாக் கடைக்கும் மாத முடிவு ஒரே நாளில்தான் வரும். மூன்று எட்டாயிரம் 24,000. அதில் பெற்றோல் போகும். ஒருவரை முழுநேரமாகக் குறைந்தபட்சச் சம்பளத்தில் வைத்தால்கூட முதலாளிக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதம் சேர்த்து 34,500 முடியும். எட்டாயிரத்துக்கு அனுபவசாலி ஒருவர் கிடைக்கும்போது முதலாளி ஏன் அந்தப் பிள்ளையைக் கூப்பிடப் போகிறார்?

காசு தேவையில்லாதவர் குறைத்துக் கேட்பதை எங்கள் ஊர் பெருந்தன்மை என்று நினைக்கிறது. எங்கள் எண்ணம் நேரெதிர். காசு தேவையில்லாதவர்தான் முழு விலை கேட்க வேண்டும், ஏனென்றால் அவர் சொல்லும் விலையே அந்த வீதியின் விலையாகிவிடும். 36 மணித்தியால வேலைக்கு 18,000 இற்குக் கீழே இறங்கக் கூடாது என்பது எங்கள் கணிப்பு. மூன்று கடை 54,000. செலவு போக, அதை மட்டும் நம்பியிருப்பவருக்கு ஓரளவு தாங்கும். கடைக்காரருக்கு அவ்வளவு கட்டாது என்றால் குறைக்க வேண்டியது நேரத்தை. காசேட்டைக் காசாளரே நாளாந்தம் எழுதட்டும். கணக்காளர் மாதத்தில் இரண்டு தடவை வந்து சரிபார்க்கட்டும். மணித்தியால விலையில் கை வைக்க வேண்டாம்.

விலை பேசுவதற்கு முன்பே முடிக்க வேண்டியது அனுமதி. அரச உத்தியோகத்தர் முன் அனுமதி இல்லாமல் வெளியே சம்பள வேலை செய்வதற்கு, அரச சேவையின் விதித்தொகுப்பான தாபன விதிக்கோவை இடம் தருவதில்லை. திணைக்களத் தலைவர் ஊடாக, எந்தக் கடை, எந்த நாட்கள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன கொடுப்பனவு என்று எழுத்தில் கேட்க வேண்டும். தனியார் நிறுவனத்திலோ வங்கியிலோ இருப்பவர் தன் நியமனக் கடிதத்தை எடுத்து வாசிக்க வேண்டும். வேறு வேலை கூடாது என்ற வரி பல கடிதங்களில் இருக்கிறது. அனுமதி கிடைத்தாலும் சில இடங்களை எடுக்கவே கூடாது. பகலில் நீங்கள் அனுமதிப்பத்திரம் கொடுக்கும், வரி மதிப்பிடும், கேள்விப்பத்திரம் (டெண்டர்) திறக்கும், கடன் விண்ணப்பம் பார்க்கும் மேசையில் இருந்தால், அந்த மேசைக்கு வரக்கூடிய எந்தக் கடையின் கொப்பியையும் பின்னேரம் தொடாதீர்கள். நீங்கள் நேர்மையாகவே நடந்தாலும் வரிசையில் நிற்கும் மற்றக் கடைக்காரர் நம்பமாட்டார், அவர் நம்பாததில் நியாயமும் இருக்கிறது. தன் வகுப்புப் பிள்ளையிடமே பின்னேரம் ரியூசன் காசு வாங்கும் ஆசிரியரின் சிக்கலும் இதே வகைதான்.

வருமான வரியில் பலர் தடுமாறுகிறார்கள். 2025 ஏப்ரல் தொடக்கம் மாதத்துக்கு 150,000 வரையான வரி விடுபாடு முதல் வேலையில் ஒருமுறைதான் கிடைக்கும். இரண்டாவது தொழில்தருநரிடம் திரும்பவும் கேட்க முடியாது. "சேருக்குத்தான் கந்தோரில் எல்லாம் இருக்கே" என்று இரண்டாவது இடத்தில் சேமலாப நிதியைக் கட்டாமல் விடுவதும் சரியில்லை. ஊழியராகச் சேர்ந்தால் பகுதிநேரத்துக்கும் அது உண்டு.

அனுமதியும் விலையும் சரியாக இருந்தும் வேலை எங்கே கெடுகிறது? நாட்காட்டியில். இரண்டு வேலைக்கும் வெள்ளம் ஒரே நேரத்தில்தான் பெருகும். அரசின் நிதியாண்டு டிசம்பர் 31 அன்று முடிகிறது. ஜனவரி, பெப்ரவரி இறுதிக் கணக்கு. அதே நாட்களில் அம்பாறைப் பக்கம் பெரும்போக அறுவடை தொடங்கி ஆலை வாசலில் உழவு இயந்திரங்கள் வரிசை கட்டும். சேமலாப நிதிக் காசை அடுத்த மாதம் முடிவதற்குள் கட்ட வேண்டும்; பிந்தினால் முதல் பத்து நாளுக்குள்ளேயே 5 சதவீதத்தில் தொடங்கும் மேலதிகக் கட்டணம், ஒரு வருடம் கடந்தால் 50 சதவீதம். பத்துப் பேருக்கு 40,000 படி சம்பளம் கொடுக்கும் ஆலைக்கு, முதலாளியின் 12 சதவீதமும் ஊழியரின் 8 சதவீதமும் சேர்த்து மாதக் கட்டணம் 80,000. ஒன்றரை மாதம் பிந்தினால் 20 சதவீதம், அதாவது 16,000 ரூபாய் வீண். காசு கட்டுவது முதலாளி, மறந்தது பின்னேரக் கணக்காளர்.

ஆலையில் இன்னொரு விடயம் இருக்கிறது, இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஈரநெல் பத்தாயிரம் கிலோ வாங்கிப் பதிவாகிறது. ஈரப்பதன் 18 சதவீதம். தளத்தில் காயவைத்து 14க்குக் கொண்டுவந்து களஞ்சியத்தில் ஏற்றுகிறார்கள். பத்தாயிரத்தில் காய்ந்த பொருள் 8,200 கிலோ, அதை 0.86 ஆல் வகுத்தால் 9,535. போன 465 கிலோ தண்ணீர். 70 கிலோ மூடையாக எண்ணினால் ஏழு மூடைக்குச் சற்றுக் குறைவு. இரவு எட்டு மணிக்கு விளக்கு வெளிச்சத்தில் கொப்பியை மட்டும் பார்ப்பவருக்குத் தெரிவது ஒன்றே: வாங்கியது பத்தாயிரம், இருப்பது ஒன்பதாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். "465 கிலோ குறையுது முதலாளி." அவர் சொன்னது அவ்வளவுதான். காலையில் ஸ்டோர் பார்க்கும் பொடியனைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அவன் எடுக்கவில்லை, வெயில் எடுத்தது. ஈரமானியின் வாசிப்பை வாங்கும் சீட்டிலேயே எழுத ஒரு கட்டம் போட்டிருந்தால், பகல் வெளிச்சத்தில் மாதம் ஒருமுறையாவது தளத்தைப் போய்ப் பார்த்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. பின்னேரம் மட்டும் வருகிறவர் எடுக்கக்கூடாத வேலை இதுதான்: இருப்பு எண்ண வேண்டிய, ஆட்கள் மேல் சந்தேகம் விழக்கூடிய வேலை. எடுத்தே ஆகவேண்டும் என்றால் சனிக்கிழமைக் காலை இரண்டு மணித்தியாலம் களஞ்சியத்துக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

உண்மையான ஆசையோடு வருகிறவருக்கு நல்ல வழி ஒன்று உண்டு. முழு விலைக்கு எடுங்கள், கூடவே டிப்ளோமா முடித்த ஒரு பிள்ளையையும் கொண்டு வாருங்கள். முதல் மாதம் அந்தப் பிள்ளை பக்கத்தில் இருந்து காசேடும் கடன் கொப்பியும் எழுதட்டும். பின்திகதி போட்ட காசோலைகளுக்குத் தனிப் பதிவேடு வைக்கவும் அப்போதே பழகட்டும், சின்னக் கடைகள் விழுவது பெரும்பாலும் அங்கேதான். இரண்டாம் மாதம், கொப்பியையும் வங்கிக் கூற்றையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றைத் தானாகச் செய்யட்டும், நீங்கள் திருத்துங்கள். மூன்றாம் மாதம் சேமலாப நிதிக்கு மாதா மாதம் அனுப்பும் சீ படிவம், சம்பள வரி எல்லாம் அவர் கையால். சம்பள வரி அடுத்த மாதம் 15க்குள் போக வேண்டும் என்பதைச் சுவர்க் கலண்டரில் வட்டம் போட்டு வைக்கட்டும். பற்றும் வரவும் சமப்படுகிறதா என்று காட்டும் பரீட்சை மீதியை மட்டும் நீங்கள் பாருங்கள். இந்த மூன்று மாதமும் 18,000இல் பாதி அவருக்கு.

நாலாம் மாதம் நீங்கள் இல்லை. அப்போது முதலாளி "சேர் போயிட்டார், பிள்ளைக்கு எட்டாயிரம் காணும்தானே" என்று தொடங்குவார். ஆகவே நாலாம் மாதத்திலிருந்து அந்தப் பிள்ளைக்கு முழுப் பதினெண்ணாயிரம் என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி, மூன்று பேரும் கையொப்பம் வைத்து, ஒரு பிரதியைக் கொப்பி வைக்கும் லாச்சியில் போட்டுவிட வேண்டும்.