உடுக்கை வைத்த பலா மேசை

“தானேயில விழுந்த மரம் தம்பி. பதினோரு வருசமா மாட்டுக்கொட்டகையில கெடக்கு. ஊஞ்சல் ஒண்ணு செஞ்சு குடுப்பீங்களா?” என்று டீச்சரம்மா போனில் கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன். பலகையைக் கண்ணால் பார்க்காமல் சரி சொல்லக் கூடாது என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். பண்ருட்டிப் பலா என்றதும் சபலம் தட்டிவிட்டது.

2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியபோது எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் என்ன ஆயின என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். விழுந்ததில் ஏகப்பட்ட மரம் விறகாகப் போனது. டீச்சரம்மாவின் கணவர், தன் அப்பா வைத்த மரமாயிற்றே என்று அடிமரத்தை மட்டும் மரவாடிக்கு ஏற்றி, இரண்டு இன்ச் பலகையாக அறுத்து, பலகைக்குப் பலகை நடுவே ரீப்பர் என்கிற ஒல்லிக் கட்டை கொடுத்து அடுக்கி வைத்திருக்கிறார். அவர் இப்போது இல்லை. ஆனால் அந்த ரீப்பர் கொடுத்த கைக்கு ஒரு கும்பிடு. நடுவே காற்றுப் போக வழியில்லாமல் அடுக்கிய பலகை பூசணம் பிடித்து, முறுக்கிக்கொண்டு, கடைசியில் அடுப்புக்குத்தான் ஆகும். காற்றில் காயவைக்கிற மரத்துக்கு இன்ச்சுக்கு ஒரு வருடம் என்று பட்டறையில் கணக்குச் சொல்வார்கள். இரண்டு இன்ச்சுக்குப் பதினோரு வருடம் தாராளம். ஈரப்பத மீட்டரைக் குத்தினேன். 14 சதவீதம் காட்டியது. கடலோரத்துக் கொட்டகையில் அதற்குக் கீழே எதிர்பார்ப்பது பேராசை.

மொத்தம் ஐந்து பலகை. ஓரத்து வெள்ளை முழுக்கப் புழு அரித்து மாவாக உதிர்ந்தது. அது போகட்டும். நடுமரமான வைரம் கெட்டியாக இருந்தது. ஆனால் அகலமான இரண்டு பலகையிலும் முனையிலிருந்து இரண்டடி உள்ளே வரை வெடிப்பு. ஊஞ்சலுக்குச் சங்கிலி மாட்டுகிற இடம் சரியாக அதுதான். என்னோடு வேலை செய்யும் ஆசாரி அண்ணன் விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுல உன் புள்ளைய ஒக்கார வெச்சு ஆட்டுவியா?” என்றார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. ஊஞ்சல் வேண்டாம், சாப்பாட்டு மேசையாகச் செய்யலாம் என்று டீச்சரம்மாவைச் சம்மதிக்க வைக்க மூன்று போன் ஆனது.

எங்கள் பட்டறையில் ஆள் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு பேண்ட் சா, ஒரு இழைப்பு மெஷின், மற்றதெல்லாம் கையால். வருடத்துக்குப் பத்து, பன்னிரண்டு சாமான்கள் செய்வோம். கிச்சன் கப்போர்டு எடுப்பதில்லை. ஒன்பது வருடம் ஒரு இன்டீரியர் கம்பெனியில் உட்கார்ந்து ஆட்டோகேடில் பிளைவுட் கப்போர்டாக வரைந்து தள்ளியவன் நான், அது போதும். தொடங்கிய புதிதில் விசிட்டிங் கார்டில் ‘ஸ்டூடியோ பர்னிச்சர்’ என்று போட்டேன். ஆசாரி அண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டு, “ஸ்டூடியோன்னா போட்டோ புடிக்கிற எடம்ல?” என்று கேட்டார். அடுத்த தடவை அச்சடித்தபோது ‘மரவேலை’ என்று மாற்றிவிட்டேன்.

சின்னப் பட்டறையில் ஒவ்வொன்றாகக் கையால் செய்கிற சாமானுக்குத்தான் ஸ்டூடியோ பர்னிச்சர் என்று பெயர். அந்தப் பெயருக்கும் எங்கள் ஊர்ப் பக்கத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் இந்த வகை வேலைக்கு முன்னோடி என்று சொல்லப்படும் ஜார்ஜ் நகாஷிமா, 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் இருந்திருக்கிறார். கட்டிடக் கலைஞர் அன்டனின் ரேமண்டின் அலுவலகம் அவரை அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைக் கட்ட அனுப்பியது. வந்தவர் சம்பளத்தை விட்டுவிட்டு ஆசிரமத்திலேயே சேர்ந்துகொண்டார். அரவிந்தர் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர் வைத்தார். அந்த விடுதிக்கு மரச்சாமான்களும் அவர் வரைந்து கொடுத்திருக்கிறார். பிறகு போர்க்காலத்தில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது அவரும் ஐடஹோவில் அடைபட்டார். ஜப்பானில் முறையாகத் தொழில் கற்ற ஒரு தச்சரிடம் அந்த முகாமில்தான் கைவேலை பழகினார். வெடிப்புள்ள பலகையைத் தூக்கிப் போடாமல், வெடிப்பின் குறுக்கே பட்டாம்பூச்சி வடிவில் ஒரு கட்டையைப் பதித்து நிறுத்துவார், அதுவும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. கோல்கொண்டேயை நான் வெளியே தெருவில் நின்று பார்த்ததோடு சரி. படுக்கை வசமான பட்டைகள் சுவர் முழுக்க, ஜன்னலே தேவையில்லாமல். அன்றைக்கு நல்ல வெயில், கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அந்தப் பட்டாம்பூச்சிக் கட்டைக்கு எங்கள் பட்டறையில் பெயர் உடுக்கை. ஆசாரி அண்ணன் வைத்தது. படத்தைக் காட்டியதும், “மாரியம்மன் கோயில் உடுக்கை கணக்கா இருக்கு” என்றார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒரு பழைய கட்டிலின் ஈட்டிமரக் கால் எங்களிடம் கிடந்தது. பலாவின் மஞ்சளுக்கு அந்தக் கறுப்பு எடுப்பாக இருக்கும் என்று அதில் நான்கு உடுக்கை அறுத்தோம். ஒவ்வொன்றும் மூன்று இன்ச் நீளம், ஆறு நூல் கனம் (எட்டு நூல் ஒரு இன்ச்). மரத்தின் ரேகை உடுக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். மாறிப்போனால் இடுப்பில் ஒடிந்துவிடும். உடுக்கையைப் பலகை மேல் வைத்து அதன் ஓரத்தைப் பென்சிலால் வரையக் கூடாது, கத்தி முனையால் கீற வேண்டும். பென்சில் கோட்டின் கனமே இந்த வேலைக்கு அதிகம். கீறலுக்கு உள்ளே உளியால் கொத்தி எடுத்து, கடைசியாகக் கீறலின் மேலேயே உளியை நிறுத்தி ஒரே அழுத்தாகச் செங்குத்தாக இறக்கினால் குழியின் சுவர் கண்ணாடி மாதிரி நிற்கும். பிறகு பசை தடவி, மேலே ஒரு சக்கை மரம் வைத்துக் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், தட்ட வேண்டும். முதலில் ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகக் கேட்கும். அடியைத் தொட்டதும் சத்தம் ‘டிக்’ என்று மாறும். அதற்கு மேல் ஒரு தட்டுக்கூடக் கூடாது. நான் ஒரு தட்டு அதிகமாகத் தட்டி, முதல் உடுக்கையின் ஓரத்தில் பலா மயிரிழை பிளந்தது. ஆசாரி அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற மூன்றையும் அவரே வைத்தார்.

வெடிப்பு என்றால் எனக்கு ஏன் இத்தனை பயம் என்றும் சொல்லிவிடுகிறேன். தனியாகத் தொழில் தொடங்கி நான் விற்ற முதல் மேசை, ஆறுக்கு மூன்றடி தேக்கு. மேல்பலகையைக் கால்சட்டத்தோடு பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கிவிட்டேன், பிளைவுட் பழக்கம். சென்னையில் இருபத்து நான்கு மணி நேரமும் ஏசி ஓடும் பிளாட்டுக்கு அது போனது. ஆறாவது மாதம் போட்டோ வந்தது. பலகை நடுவே விரல் நகம் நுழைகிற அளவுக்குப் பிளவு. எங்கள் ஊர் ஈரத்தில் இருந்த மரம் ஏசி அறையில் காய்ந்தால், மூன்றடி அகலத்துக்கு மூன்று நூல் வரை சுருங்கலாம். சுருங்க விடாமல் ஸ்க்ரூ பிடித்து வைத்தால் அது வேறு எங்கே போகும்? வண்டி வாடகை கொடுத்துத் திருப்பி எடுத்து வந்து, வேறு மேசை செய்து கொடுத்தேன். பிளந்ததில்தான் இன்றைக்கும் பட்டறையில் டீ டம்ளர் வைக்கிறோம்.

அதனால் இப்போது மேல்பலகைக்கு ஸ்க்ரூ இறுக்குவதே இல்லை. கால்சட்டத்தின் உள்பக்கம் நீளக் காடி வெட்டி, மூக்கு வைத்த சின்ன மரத்துண்டுகளை அதில் நுழைத்து, அந்தத் துண்டுகளை மட்டும் பலகையில் முடுக்குகிறோம். பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் மூக்கு காடிக்குள் நகர்ந்துகொள்ளும். கவிழ்த்துப் பார்த்தால் தவிர யாருக்கும் தெரியாது. “ஏன் இந்த விலை?” என்று கேட்பவர்களுக்கு மேசையைக் கவிழ்த்துக் காட்டலாம் என்று தோன்றும். இதுவரை காட்டியதில்லை. வெடிப்பில் நீல ரெசினை ஊற்றி நதி ஓடுகிற மாதிரி செய்து தரச் சொல்லிக் கேட்பவர்களிடம் மட்டும் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

பலாவை இழைக்கும்போது ரேகை அடிக்கடி திரும்பும், பொறுமை வேண்டும். மூன்றாவது பலகையில் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். இழைப்புளியின் வாயில் பல் விழுந்துவிட்டது. மரத்துக்குள்ளே ஆணி. ரம்பத்துக்கு எப்படியோ தப்பி, நடுவே புதைந்து, சுற்றிலும் மரம் கறுத்திருந்தது. நோண்டி எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, சாணைக்கல்லில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். ஆணி இருந்த ஓட்டையை அப்படியே விட்டுவிட்டோம்.

மெருகுக்கு அவலரக்கு (ஷெல்லாக்) இரண்டு கை, மேலே தேன்மெழுகு. புதிதாக இழைத்த பலா மாம்பழ மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் படப்பட வெல்ல நிறத்துக்கு இறங்கும். மெருகு போடும் முன்பு மூலைமட்டத்தை நான் பத்து நாள் அதன் மேல் மறந்து வைத்துவிட்டேன். எடுத்தபோது மட்டம் கிடந்த இடம் மட்டும் மஞ்சளாக, அச்சு எடுத்த மாதிரி இருந்தது. மறுபடி இழைக்க வேண்டியதாயிற்று.

மேசையை இறக்கிய அன்று டீச்சரம்மா உடுக்கைகளைத் தடவிப் பார்த்து, “ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கும்னு நெனச்சேன்” என்றார். பிடித்ததா இல்லையா என்று சொல்லவில்லை. கை அப்படியே நகர்ந்து அந்த ஓட்டையில் போய் நின்றது.

“இது என்ன?”

“ஆணி இருந்துச்சும்மா.”

“அரிக்கேன் வெளக்கு மாட்டுறதுக்கு அவங்க அடிச்சது. நான் கல்யாணமாகி வந்த வருசம். அந்த ஆணி எங்க?”

மறுநாள் பட்டறையில் பழைய ஆணி டப்பாவைக் கவிழ்த்தோம். நாற்பது, ஐம்பது துரு ஆணிகள். அளவிலும் நிறத்திலும் அதுவாக இருக்கலாம் என்று மூன்றை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மூன்றையும் முந்தானையில் முடிந்துகொண்டு, “காபி குடிச்சிட்டுப் போங்க தம்பி” என்றார்.